பால் குழாயின் வளைவு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர்வோ தன் மைத்துனனிடம் என்ன சொன்னான் என்பது எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. அவன் வாயாலேயே மூன்று முறை கேட்டிருக்கிறேன். முதல் முறை, "வளைவைத் திறந்து பாருன்னு சொன்னேன்" என்றான். அடுத்த முறை, "வளைவுன்னு ஆரம்பிச்சேன், அதுக்குள்ள அடி விழுந்துடுச்சு" என்றான். மூன்றாவது முறை ஏரியின் உறைபனியில் துளை போட்டு மீனுக்காக உட்கார்ந்திருந்தோம். பிறகு தூண்டில் நூலைப் பார்த்தபடியே, "வாயைத் திறந்தேன். அது மட்டும் நிச்சயம்" என்றான். மற்றதெல்லாம் பலர் பார்க்க நடந்தது. அதில் நான் பெரிதாகத் தவற வாய்ப்பில்லை. இந்த ஒரு வாக்கியம்தான் பிடிபடவில்லை. இத்தனை வருடம் யோசித்தும் அதை என்னால் ஒரு பக்கமாக நிறுத்த முடியவில்லை.

எங்கள் ஊரான கோர்ப்பிவாராவில் மாடுகள் போன காலம் அது. நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் சின்னப் பால் பண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஓர்வோவின் மனைவி ஹில்க்கா பிறந்த வீட்டிலும் பதினெட்டு மாடுகள் இருந்தன. அப்பா செத்த மறு இலையுதிர் காலத்தில் அவள் அண்ணன் ரெய்மா அவற்றை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டான். வீடும் நிலமும் காடும் ரெய்மாவுக்கு, தொழுவத்துச் சாமான்கள் ஹில்க்காவுக்கு என்று அப்பா எழுதி வைத்திருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். தொழுவத்தில் என்ன இருக்கிறது, சாணி அள்ளும் மண்வெட்டியும் பழைய பால் கேன்களும்தானே?

ஓர்வோ சிரிக்கவில்லை. மர அறுவை ஆலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன் அவன். தொழுவத்தின் மேலே, மாடுகளின் தலைக்கு மேல் சுற்றி ஓடிய பால் குழாயை அவன் கல்யாணமான நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். எவர்சில்வர் குழாய். பால் ஒட்டாமல் ஓட வேண்டும் என்று உட்புறம் கண்ணாடிபோல் இழைத்தது. மூலைகளில் ஒடிந்த திருப்பம் கிடையாது. அகலமான, சீரான வளைவுகள். பால் ஒட்டாத இடத்தில் காற்றும் ஒட்டாது என்பது அவன் கணக்கு.

ஹில்க்கா ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவன் மேலே நின்று ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தபோது ரெய்மா உள்ளே வந்தான்.

"யாரைக் கேட்டு அறுக்குற?"

"சாமான் என்னோடது அண்ணே," என்றாள் ஹில்க்கா.

"உன்னைக் கேக்கல. உன் வீட்டு ஊமையைக் கேக்குறேன். மாப்ள, வாயில என்ன, புல்லா? மாடெல்லாம் போயிடுச்சுன்னுல்ல நெனச்சேன், ஒண்ணு மிச்சம் இருக்கு போல."

ஓர்வோ பதில் சொல்லவில்லை. பதில் அவனிடம் இருந்தது. ஆனால் அவனுக்குள் ஒரு பதில் கிளம்பி வாய்க்கு வந்து சேர்வதற்குள் எதிராளிக்குப் பொறுமை போய்விடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவன் ரம்பத்தை இழுத்தான். அந்தக் கிறீச்சொலிதான் ரெய்மாவுக்குப் பதிலாகக் கேட்டது. மாடு கட்டும் இரும்புத் தடியை ரெய்மா பிடுங்கியதை ஹில்க்கா பார்த்தாள். வீசியதைப் பார்க்கவில்லை. ஓர்வோவின் இடது கை குழாயைப் பிடித்திருந்தது. தடி அந்தக் கையின் மேல் விழுந்தது. காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம், பிறகு இன்னொன்று.

அவன் ஏணியிலிருந்து விழுந்தான். கத்தவில்லை. ரெய்மா தடியை மறுபடி ஓங்கினான். அப்போதுதான் ஹில்க்கா சாணி மண்வெட்டியால் தன் அண்ணனைப் பக்கவாட்டில் அறைந்தாள். காது பாதி கிழிந்து தொங்கியது. பிறகு மூவரும் அந்தக் காலித் தொழுவத்தில் மூச்சு வாங்க நின்றார்கள். இரண்டு பேருடைய ரத்தமும் ஒரே சாணி வாய்க்காலில் இறங்கியது. யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் ஓர்வோ, ஜாக்கி நழுவிக் கார் விழுந்தது என்று சொன்னான். டாக்டர் நம்பாமல் எழுதிக்கொண்டார். நடுவிரலும் மோதிர விரலும் சுண்டுவிரலும் கூடின, ஆனால் மடங்கவில்லை.

ரெய்மா அதன்பிறகு தங்கையோடு பேசவில்லை. குழாயும் அதன் நான்கு வளைவுகளும் ஓர்வோவின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் பனிப் பந்தயத்துக்காக ஒரு பழைய ஸாப் டர்போ காரோடு கிடந்தான். துருப்பிடித்த உடம்பு, நல்ல எஞ்சின். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சின்னக் காற்றாடி. அதற்குக் குளிர்ந்த காற்று வேண்டும், தாராளமாக வேண்டும். இந்தக் காரை முன்பு வைத்திருந்தவன் காற்றுப் பெட்டியைக் கொதிக்கும் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் மாட்டியிருந்தான். "அடுப்பு மேல மூக்கை வெச்சு மூச்சு விடுற மாதிரி," என்றான் ஓர்வோ. அந்த வாரத்தில் அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான் என்று ஹில்க்கா சொல்வாள்.

பெட்டியைப் பிடுங்கி எறிந்தான். இடது முகப்பு விளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் டிராக்டரின் காற்று வடிகட்டியை உட்கார வைத்தான். பனிக்காற்று நேராக அதில் மோதும். அங்கிருந்து டர்போ வரையிலும், டர்போவிலிருந்து எஞ்சின் வரையிலும் பால் குழாய். இடையில் ஒரு ரப்பர் ஹோஸ். முதல் தடவை முழு வேகம் கொடுத்தபோது எஞ்சின் திணறியது. திறந்த பானட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்த ஹில்க்கா கத்தினாள்: "உறிஞ்சுது! கிழவன் கன்னம் மாதிரி ஒட்டிப்போச்சு பாரு!" ஹோஸுக்குள் ஒரு கம்பிச் சுருளை நுழைத்தான். அதன்பிறகு ஒட்டவில்லை.

கடைசி வளைவுதான் அவனைத் தூங்கவிடவில்லை. எஞ்சினின் வாயில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது திறந்து காற்றை விடும், காலை எடுத்தால் மூடும். அதற்கு நேர் மேலே குழாய் சட்டென்று திரும்ப வேண்டியிருந்தது. காற்று வெளிச்சுவரில் போய் மோதிக் குழம்பியது. பால் கேன் மூடியின் அலுமினியத்தில் வளைந்த இலை ஒன்று வெட்டி, வளைவுக்குள் நிறுத்தினான். காற்று இரண்டாகப் பிரிந்து ஒழுங்காகத் திரும்பியது. எவர்சில்வரோடு அலுமினியத்தை வெல்டிங் செய்ய முடியாது. மூன்று ரிவெட் ஆணி அடித்துப் பொருத்தினான். மறுநாள் உறைந்த ஏரியின் மேல் ஓட்டிப் பார்த்தான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் இருந்தது சிரிப்புதானா என்று ஹில்க்காவுக்குச் சந்தேகம்.

அன்று சாயங்காலமே வளைவைக் கழற்றிப் பார்த்தான். மூன்றில் இரண்டு ரிவெட் ஆடிக்கொண்டிருந்தன.

"இது விழுந்தா எங்க போகும்?" ஹில்க்கா கேட்டாள்.

"கீழ. தகட்டு மேல."

"தகடு மூடாதா அப்ப?"

"மூடாது."

"கால எடுத்தாலும் வண்டி ஓடிக்கிட்டே இருக்குமா?"

"ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுசு அடிச்சுருவேன்."

"அடிக்க மறந்தா?"

அவன் துரப்பணத்தை எடுத்தான். அவள் டார்ச்சைப் பிடித்தாள்.

இன்னொன்றையும் அவன் மாற்றினான். பந்தயக் காரில் மின்சாரத்தை ஒரேயடியாக வெட்டும் சிவப்புத் திருகு ஒன்று இருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கார்களில் ஓட்டுபவன் இடது பக்கம் உட்காருவான், அதனால் எல்லாரும் அதை இடது கை எட்டும் இடத்தில், கதவுத் தூணில் வைப்பார்கள். ஓர்வோவின் இடது கைக்குத் திருக வராது. அவன் அதை வலது பக்கம், கியருக்கு அருகே தாழ்வாக வைத்தான். பந்தயப் பரிசோதகர் உட்கார்ந்து பார்த்து, எட்டுகிறது என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

மார்ச் மாதம் ஜல்லிக் குழியில் பந்தயம். தண்ணீர் ஊற்றி உறைய வைத்த வட்டப் பாதை, இரு பக்கமும் பனி மேடு, குழியின் ஓரத்தில் ஆலைக்காக அடுக்கிய மரத்தடிகள். எங்கள் பந்தய மன்றத்தில் ஒரு பழைய விதி உண்டு. ஓட்டம் முடிந்ததும் எந்தக் காரையும் யார் வேண்டுமானாலும் அன்றைய பணத்தில் ஆறாயிரம் மார்க்காவுக்கு விலைக்குக் கேட்கலாம். தகரப் பெட்டியில் சீட்டுப் போட்டால் போதும், உடையவன் மறுக்க முடியாது. மறுத்தால் அவனும் காரும் அந்த வருடம் முழுக்க வெளியே. பணக்காரன் காசைக் கொட்டி ஜெயிக்கக் கூடாது என்று வைத்த விதி. ஒன்றுக்கு மேல் சீட்டு விழுந்தால் குலுக்கல். அதனால் ஜெயித்தவனின் நண்பர்கள் ஆளுக்கொரு சீட்டுப் போடுவார்கள். அவர்களில் ஒருவனுக்கு விழுந்தால் கார் வீட்டுக்கே திரும்பிவிடும். யாரும் தானாகப் போடமாட்டார்கள், உடையவன் வந்து கேட்க வேண்டும். பெரிய கெஞ்சலொன்றும் இல்லை. "எனக்கொரு சீட்டு" என்றால் போதும்.

இறுதி ஓட்டத்தில் ஆறு கார்கள். ரெய்மா தன் வோல்வோவில் ஓர்வோவுக்கு அடுத்து நின்றான். கொடி விழுந்ததுமே அவன் ஸாபின் கதவில் இடித்தான். விதிப்படி இடிக்கக் கூடாது, பனியில் வழுக்கியது என்று சொல்லிவிடலாம். இரண்டாவது சுற்றில் மறுபடி, அதே கதவில். கதவுத் தகரம் உள்ளே மடங்கி ஓர்வோவின் விலாவில் குத்தியது. மூன்றாவது சுற்றில் ஓர்வோ அவனைப் பனி மேட்டோடு சேர்த்து அழுத்தினான். இரண்டு கார்களும் பொறி பறக்க உரசிக்கொண்டு ஐம்பது மீட்டர் ஓடின. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெய்மாவின் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. என்ன கெட்ட வார்த்தை என்பது கேட்கவில்லை. பிறகு நேர்ப்பாதை வந்தது. ஓர்வோ மிதித்தான். பால் குழாய் ஒரு சீழ்க்கை அடித்தது. வோல்வோ பின்னால் சின்னதாகிவிட்டது.

கடைசிச் சுற்றில், திருப்பத்துக்கு முன் காலை எடுத்தபோது எஞ்சின் இறங்கவில்லை.

ஒரு வினாடி இருக்கும். வலது கை தானாகவே போய்ச் சிவப்புத் திருகை அணைத்தது. கார் ஊமையாக வழுக்கித் திருப்பத்துக்குள் போனது. பனி மேட்டில் லேசாக இடித்த குலுக்கலில் உள்ளே எதுவோ நகர்ந்திருக்க வேண்டும். திருகைப் போட்டான், எஞ்சின் பிடித்தது, கால் சொன்னதைக் கேட்டது. கோட்டை முதலில் தாண்டினான். ஆனால் அவனுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று ரிவெட்டில் இப்போது ஒன்று மிச்சம் இருக்கலாம், அதுவும் பாதியாக.

முடிந்த கார்களைக் கயிறு கட்டிய வளைப்புக்குள் நிறுத்துவார்கள். அரை மணி நேரம் யாரும் பானட்டைத் தொடக் கூடாது. அந்த அரை மணிதான் சீட்டுப் போடும் நேரம்.

ஆலையில் அவனோடு வேலை செய்யும் ஸுலோ பக்கத்தில் வந்து நின்றான். சட்டைப் பையில் ஏற்கெனவே எழுதிய சீட்டு இருந்தது. நுனி வெளியே தெரிந்தது.

"நல்லா ஓட்டுன," என்றான் ஸுலோ.

ஓர்வோ தலையாட்டினான்.

"குளிருது."

"ம்."

"யாராச்சும் கேப்பாங்கன்னு நெனக்கிறியா?"

ஓர்வோ பெட்டியைப் பார்த்தான். ரெய்மா அதன் அருகில் நின்று சாசேஜ் தின்றுகொண்டிருந்தான். சொந்த ஊர்க்காரன் காரைச் சொந்த ஊர்க்காரன் கேட்பதில்லை என்பது எழுதாத மரியாதை. ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை மெதுவாகத்தான் கிளம்பியது. தொண்டையருகே வந்தபோது, கேட்டுத்தான் ஆக வேண்டுமா, இவனுக்கே தெரியாதா என்று ஒரு வீம்பு குறுக்கே நின்றது. ஸுலோ இருபது நிமிடம் நின்றான். பிறகு காபி குடிக்கப் போய்விட்டான்.

மன்றச் செயலாளர் அய்லா பெட்டியைத் திறந்தார். அறுபது வயது, எல்லாருக்கும் அக்கா. ஒரே சீட்டு. படித்துவிட்டு ரெய்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"வெக்கமா இல்லையாடா உனக்கு?"

"விதி அக்கா, விதி. நீங்க எழுதுனதுதானே?" ரெய்மா விரல்களைப் பேன்டில் துடைத்துக்கொண்டு ஓர்வோவிடம் வந்தான். கூட்டம் சேர்ந்துவிட்டது. "எங்கப்பன் குழாயை நானே காசு குடுத்து வாங்குறேன் பாரு மாப்ள. சாவி குடு. வண்டியைப் பத்தி ஏதாச்சும் சொல்லணுமா? எண்ணெய், தண்ணி, ஏதாச்சும்?"

கேட்டுவிட்டான். கேலியாகத்தான், ஆனாலும் கேட்டான். *மூணு ரிவெட் தளர்ந்திருக்கு.* வாக்கியம் ஓர்வோவின் நாக்கிலேயே இருந்தது.

"சொல்ல மாட்டான்," ரெய்மா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "பேசுறதுக்குத் தனியா காசு கேப்பான் போல."

சிரிப்பு எழுந்தது. ஓர்வோ வலது கையால் சாவியை நீட்டினான்.

"இடது கையால குடேன். ஓ, அது வேலைக்கு வராதுல்ல."

சிரித்தவர்களில் பாதிப் பேர் நிறுத்திக்கொண்டார்கள். ஓர்வோ வாயை மூடிக்கொண்டான்.

வீட்டில் ஹில்க்கா காபியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு யாரோ போனில் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"ரிவெட் பத்திச் சொன்னியா?"

கறுப்பு ரொட்டியின் மேல் வெண்ணெய் அப்படியே இருந்தது.

"ஓர்வோ."

"ஆடுது. கடைசிச் சுத்துல மாட்டுச்சு."

"அதைக் கேக்கல. சொன்னியா?"

"இல்ல."

அவள் எழுந்து அண்ணனுக்குப் போன் செய்தாள். "அண்ணே" என்றதும் வைத்துவிட்டான். மறுபடி செய்தாள். "செத்துத் தொலை" என்றுவிட்டு வைத்தான். திரும்பி வந்து நின்றாள். "அடுத்த ஞாயிறு அவன் ஓட்டுவான். அதுக்கு முன்னாடி பானட்டைத் தொட மாட்டான், ஜெயிச்ச வண்டியைத் தொட்டா அதிர்ஷ்டம் போயிடும்பான். சேற்றைக்கூடக் கழுவ மாட்டான். நீ போய்ச் சொல்ற. என்ன இருந்தாலும் எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்."

"சொல்றேன்," என்றான் ஓர்வோ. அவள் நம்பினாள். அவன் சொன்னதைச் செய்யாமல் இருந்ததில்லை.

திங்கட்கிழமை போகலாம் என்றிருந்தான். செவ்வாயும் போனது. அய்லா அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவரே காரை நிறுத்திவிடுவார் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் ஆடும் ரிவெட்டோடு சாவியைக் கொடுத்தவன் என்று ஊரே பேசும். வியாழக்கிழமை ஆலையில் ரம்பப் பட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது, ரெய்மாவின் கார் பனி மேட்டைத் தாண்டிப் பறப்பதைத் தான் நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தான். நெடுநேரமாக, விவரமாக. கவனித்த பிறகும் நிறுத்தவில்லை. இதை அவன் என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னான். மூன்று விதமாகச் சொல்லாத விஷயம் இது ஒன்றுதான்.

ஞாயிறு காலை வெயில் கண்ணைக் கூச வைத்தது. அந்தப் பருவத்தின் கடைசிப் பனிப் பந்தயம். ஸாப் போன வாரச் சேற்றோடு அப்படியே நின்றது. ரெய்மா அதன் பானட்டில் சாய்ந்திருந்தான்.

"வந்துட்டாருய்யா. ஆசை விடல பாரு." ஸுலோ ஐந்தாறு அடி தள்ளி டயர் உருட்டிக்கொண்டிருந்தான், அவன் காதில் இது விழுந்தது. "என்ன மாப்ள, திரும்ப வேணுமா? கெஞ்சு. ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கெஞ்சு, யோசிக்கிறேன்."

ஓர்வோ நின்றான். எவ்வளவு நேரம் என்று ஸுலோவுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு டயரை உருட்டிப்போய் வைத்துவிட்டுத் திரும்பும்போதும் அப்படியே நின்றான் என்றான். பிறகு ஓர்வோவின் வாய் அசைந்தது. என்ன வந்தது என்று ஸுலோவுக்குக் கேட்கவில்லை. ரெய்மாவின் பதில் மட்டும் கேட்டது: "என் வண்டிக்கு நீ வைத்தியம் பாக்க வேணாம்." அப்படியானால் ஏதோ சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் ஒன்றும் சொல்லாதவன் காரையே பார்த்து நின்றாலும் அந்தப் பதில் பொருந்தும்.

உடனே குத்து விழுந்தது. ஓர்வோ பனியில் உட்கார்ந்தான். முன்பல் ஒன்று உதட்டைத் துளைத்துக்கொண்டு நின்றது. எழுந்தான். அந்தக் கணத்தில் அவனிடம் சொல்ல ஒரு வாக்கியமும் அடிக்க ஒரு கையும் இருந்தன. கை வேகமாக வந்தது. ரெய்மாவின் மூக்கு உடைந்தது. இருவரும் கட்டிப் புரண்டார்கள். ரெய்மா அவன் தலையைப் பிடித்து ஸாபின் பம்பரில் மோதினான், ஓர்வோ அவன் தொண்டையில் முழங்காலை வைத்து அழுத்தினான். நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் பிரிக்க முடியாமல், யாரோ ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்கள்.

"ரெண்டு பேரையும் வெளியே துரத்தணும்," அய்லா கத்தினார். "நாய்ங்க கூட வெயில்ல படுத்துக்கிடக்கும்டா இந்நேரம்!" அடித்துக்கொண்டவனை ஓட்டவிடக் கூடாது என்பதும் விதிதான். கடைசிப் பந்தயம் என்று அவர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். ரெய்மா மூக்கில் துணியைத் திணித்து, அதன்மேல் ஹெல்மெட்டை மாட்டினான்.

ஓர்வோ கடைசித் திருப்பத்தில் கயிற்றருகே போய் நின்றான். பனியை அள்ளி வாயில் வைத்துச் சிவப்பாகத் துப்பினான். முதல் ஓட்டத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஸாப் எல்லாரையும் விட்டு விலகிப்போய் ஜெயித்தது. ஒருவேளை அந்த ஒற்றை ரிவெட் தாங்கிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. இடையில் கால் மணி நேரம் இருந்தது. ரெய்மா முப்பது மீட்டர் தள்ளி நின்று தண்ணீர் குடித்தான். ஓர்வோ அந்தக் கால் மணி நேரத்தையும் நின்றே கழித்தான்.

இரண்டாவது ஓட்டம், நான்காம் சுற்று. நேர்ப்பாதையில் அந்தச் சீழ்க்கை வந்தது. திருப்பத்துக்கு முன் எல்லாக் காரும் சத்தத்தை இறக்கும். இது இறக்கவில்லை. கயிற்றோரம் நின்றவர்கள் ரெய்மாவின் துணிச்சலைப் பார்த்து ஊளையிட்டார்கள். ஓர்வோ மட்டும் அவன் தோளைப் பார்த்தான். இடது தோள் ஒருமுறை அசைந்தது. பிறகு இன்னொரு முறை. வோல்வோவில் எத்தனையோ வருடம் பழகிய கை, கதவுத் தூணில் இல்லாத ஒரு திருகைத் தேடித் தட்டிக்கொண்டிருந்தது.

"வலது!" என்று ஓர்வோ கத்தினான். அவன் அவ்வளவு சத்தமாகக் கத்தி யாரும் கேட்டதில்லை.

கார் பனி மேட்டில் ஏறியது. ஒரு கணம் நான்கு சக்கரமும் தரையில் இல்லை. மூக்கு கவிழ்ந்து மரத்தடி அடுக்கில் விழுந்தது, தடிகள் சரிந்தன, கார் புரண்டு தலைகீழாக நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. சக்கரங்கள் வானத்தைப் பார்த்துச் சுழன்றன, அந்தச் சீழ்க்கை குழி முழுக்க அலறியது. ஓர்வோ பாதையைக் குறுக்கே கடந்து ஓடினான். பின்னால் வந்த கார் ஒன்று இடுப்பில் அடித்துத் தள்ளியது. எழுந்து ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு ஓடினான். கண்ணாடி போன ஜன்னலில் உடம்பை நுழைத்து, வலது கையை நீட்டிச் சிவப்புத் திருகை அணைத்தான்.

சத்தம் நின்றது. இத்தனை அமைதியை அவன் வாழ்நாளில் விரும்பியதில்லை என்று பிறகு சொன்னான்.

முன்கண்ணாடி வழியாக வந்த மரத்தடியின் நுனி ரெய்மாவின் மார்பில் இருந்தது. கண் திறந்திருந்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சின்னக் குரலில், வேறு யாரிடமோ வழி கேட்பதுபோல, "எங்க இருந்துச்சு?" என்றான்.

"இங்க. வலது பக்கம்."

"அங்க எதுக்கு?"

ஓர்வோ தன் உடம்பைத் தாங்கிக்கொள்ள இடது கையைக் கூரையில் ஊன்றியிருந்தான். மூன்று விரல்களும் விறைத்து நேராக நின்றன. ரெய்மா அந்தக் கையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அதன்பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை.

ரெய்மா ஆம்புலன்ஸில், ஆஸ்பத்திரிக்குப் பதினொரு கிலோமீட்டர் முன்னால் செத்தான். காரைப் பிரித்தபோது அலுமினிய இலை தகட்டின் வாயில் சிக்கியிருந்தது. ஓர்வோ போலீஸிடம், ரிவெட் தளர்ந்தது தனக்கு முன்பே தெரியும் என்று சொன்னான். எச்சரித்தாயா என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றான். வழக்கு எதுவும் பதிவாகவில்லை. அய்லா செயலாளர் பதவியிலிருந்து விலகினார். அதற்கு முன், விற்பவன் காரில் கையால் செய்து மாட்டியவற்றையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு புது விதியைச் சேர்த்துவிட்டுப் போனார். ஸுலோ இன்னும் ஆலையில் இருக்கிறான், பந்தயத்துக்குப் போவதில்லை. அண்ணனுக்குப் பிள்ளை இல்லாததால் வீடும் காடும் ஹில்க்காவுக்கு வந்தன. அவள் அவற்றை விற்றுவிட்டு ஔலு நகரத்துக்குப் போய் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். விவாகரத்துக் கேட்கவில்லை, திரும்பியும் வரவில்லை. ஓர்வோ இருவரும் வாழ்ந்த வீட்டிலேயே தனியாக இருக்கிறான். இடுப்பில் ஒரு இரும்புத் தகடு. இலை வைத்த வளைவு போக மற்ற மூன்றும் கொட்டகைச் சுவரில் தொங்குகின்றன.